விலைக்கு வாங்கும் காற்று

மெரினாவில் காற்று வாங்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மோதி நசுங்கிய கார்களைச் சரிசெய்யும் பட்டறைக்காரர் அதே காற்றை லட்சக் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார். விலைப்பட்டியலில் அதன் பெயர் ‘பிரெப் ஸ்டேஷன்’. மேலே வடிகட்டி பொருத்திய கூரை, கீழே கம்பித் தட்டு போட்ட தரை, சுற்றிலும் திரை, இருபுறமும் விளக்கு வரிசை. டிங்கர் வேலை முடிந்த கார் இங்கே வந்து நிற்கும். பட்டி போடுவது, காய்ந்ததும் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, மறுபடி தேய்ப்பது, மாஸ்கிங் ஒட்டுவது எல்லாம் இங்கேதான். பெயிண்ட் தெளிக்கும் மூடிய அறையான பெயிண்ட் பூத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு, குருணை தட்டுகிற இடங்களை நீவிக் கம்பவுண்டு போட்டு மெருகேற்றுவதும் இங்கேதான். வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது விளக்கும், தகட்டின் தடிமனும், திரையின் நிறமும். விற்பவரும் அவற்றைத்தான் தட்டிக் காட்டுவார். ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது, எந்தத் திசையில், என்ன வேகத்தில் காரைத் தாண்டுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் இந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு மாட்டிய சட்டை.

இதற்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்பது பெயிண்டின் தடிமனைப் பார்த்தால் விளங்கும். காரின் மேலுள்ள பூச்சுகள் அத்தனையையும் சேர்த்தாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். நிறம் தரும் பூச்சு இருபது மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும். அதன்மேல் கண்ணாடிபோல் படரும் கிளியர் கோட் ஐம்பதை ஒட்டி நிற்கும். முப்பது மைக்ரான் பட்டித் துகள் ஒன்று அந்த ஈரத்தில் விழுந்தால், தோசை மாவில் கல் விழுந்த கதைதான்: மறைந்துபோக வழியில்லை. சுற்றிலும் பூச்சு மேடுகட்டி, வெயிலில் நிறுத்தியதும் அந்த மேடு பளிச்சென்று தெரியும். வாடிக்கையாளர் பானெட்டின்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்து முகம் சுளிப்பது அதற்குத்தான். அந்தத் துகள் பெயிண்ட் பூத்தில் பிறந்ததாக இருக்கத் தேவையில்லை. அரைநாள் முன்பு இன்னொரு காரின் கதவில் பட்டி தேய்த்தபோது கிளம்பி, பட்டறையெல்லாம் சுற்றி, மாஸ்கிங் தாளின் மடிப்பில் குடியேறி, காரோடு சேர்ந்தே பூத்துக்குள் போயிருக்கலாம். பூத்தின் வடிகட்டியை எத்தனை முறை மாற்றினாலும் குருணை குறையவில்லை என்று புலம்பும் பட்டறைகள் பூத்துக்கு வெளியே தேடிப் பார்ப்பது நல்லது.

தூசி தானாகவே தரையில் படிந்துவிடாதா என்று கேட்கலாம். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற கணிதவியலாளர் 1851இல் வெளியிட்ட ஆய்விலேயே இதற்கு விடை இருக்கிறது. பாய்மத்தில் விழும் சிறு உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் விழும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். காய்ந்த பட்டி தண்ணீரைப்போல் இருமடங்கு அடர்த்தி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நூறு மைக்ரான் துகள் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து மூன்று, நான்கு விநாடியில் தரையைத் தொட்டுவிடும். கண்ணுக்குத் தெரிகிற தூசி இது. காலையில் பையன் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவதும் இதைத்தான். பத்து மைக்ரான் துகள் விநாடிக்கு ஆறு மில்லிமீட்டர் வீதம் இறங்கும். அதே உயரத்துக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். அதுவும் காற்று அசையாமல் நின்றால். பட்டறையில் காற்று எப்போது நின்றிருக்கிறது? யாரோ ஷட்டரைத் தூக்குவார்கள், கம்ப்ரஸர் குழாயால் யாரோ சட்டையை ஊதிக்கொள்வார்கள், மேலே மின்விசிறி சுற்றும். அந்த அசைவில் நுண்துகள் இறங்கவே இறங்காது. நுரையீரலின் அடிவரை போகிறதும் இந்த அளவுத் துகள்தான்.

கூரையிலிருந்து தரைக்கு விநாடிக்குக் கால் மீட்டர் வேகத்தில் காற்றை இறக்கினால் என்ன ஆகிறது? பத்து மைக்ரான் துகள் தானாக விழும் வேகத்தைப்போல் இது நாற்பது மடங்கு. மூன்று மீட்டர் உயரக் கூரையின் காற்று பன்னிரண்டு விநாடியில் தரைத்தட்டுக்குள் போய்விடும். துகள் பெரிதோ சிறிதோ, காற்று போகிற வழியில் அதுவும் போயாக வேண்டும். பிரெப் ஸ்டேஷனின் அறிவியல் இவ்வளவுதான், பார்க்க எளிது. ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல அமைப்புகள் இதில்தான் ஏமாற்றுகின்றன. கூரையில் வெறும் விளக்கு, தரைக்கடியில் பெரிய விசிறி. “எல்லாத்தையும் கீழே இழுத்துடும் சார்” என்ற உத்தரவாதம். மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி முழம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உதட்டைக் குவித்து ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்தில் இருந்துகொண்டு மூச்சை உள்ளே இழுத்து அணைக்க முடியுமா? சுடர் ஆடக்கூட ஆடாது. ஊதும் காற்று ஒரே திசையில் தாரையாகப் பாயும். துவாரத்தின் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு தூரம் போன பிறகும் அதன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். இழுக்கும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. வாயிலிருந்து ஒரு விட்டம் தள்ளிப் போனாலே வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். தரைக்கடியில் மட்டும் விசிறி வைத்தால், அது கார் கூரையின்மேல் கிளம்பும் தூசியை இழுக்காது. தனக்கு அருகில் எளிதாகக் கிடைக்கும் காற்றை, அதாவது திரைக்கு அடியில் பட்டறைத் தரையிலுள்ள அழுக்குக் காற்றைத்தான் இழுக்கும். காசு கொடுத்துத் தூசியை வரவழைத்த கதை.

ஆகவே மேலிருந்து தள்ள ஒரு விசிறி, கீழிருந்து வாங்கிக்கொள்ள ஒரு விசிறி என இரண்டு வேண்டும். இரண்டின் வேகத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கவும் முடிய வேண்டும். காரணம், இந்த ஒரே இடத்தில் நடக்கும் இரண்டு வேலைகள் காற்றிடம் எதிரெதிராகக் கேட்கின்றன. பட்டி தேய்க்கும்போது உள்ளே உண்டாகும் தூசி வெளியே போய் அடுத்த காரைக் கெடுக்கக் கூடாது. அதற்கு உள்ளே அழுத்தம் சற்றுக் குறைவாக, திரை லேசாக உள்நோக்கி உப்பியபடி இருக்க வேண்டும். பிரைமர் காயும்போதோ வெளித்தூசி உள்ளே வரக் கூடாது. தள்ளும் விசிறியை ஒரு பிடி கூட்டி, இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்க வேண்டும். ஒரே மோட்டாரில் இரண்டு வேலையும் ஓடும் அமைப்பில் இந்தச் சமநிலை தொழிற்சாலையில் வைத்ததுதான். அதுவும் வடிகட்டி புதிதாக இருக்கும்வரைதான். வடிகட்டி அடைய அடையக் காற்று குறையும், சமநிலை சாயும். வடிகட்டியின் இரு பக்க அழுத்த வேறுபாட்டைக் காட்டும் சிறு மானி ஒன்று இல்லாத ஸ்டேஷனை, பெட்ரோல் முள் இல்லாத வண்டியாகத்தான் பார்க்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக்குத் தனியாகச் செலவாகிறதே என்பவர்களுக்கு விசிறி விதி ஒன்றே போதும்: விசிறி எடுக்கும் மின்திறன் அதன் வேகத்தின் மும்மடியாக ஏறி இறங்கும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாஸ்கிங் ஒட்டும் நேரத்தில் முழு வேகம் எதற்கு?

அடுத்த கேள்வி, கீழே போன காற்றை என்ன செய்வது என்பது. வடிகட்டி மறுபடி கூரைக்கே அனுப்பும் சுழற்சி முறை ஒன்று, முழுவதையும் வெளியே தள்ளுவது மற்றொன்று. சுழற்சி முறை பிறந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் குளிர்நாட்டுக்கு உரியது. ஆறு மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டர் அகலமும் உள்ள மேடைக்குக் கால் மீட்டர் வேகம் தர விநாடிக்கு ஐந்து கனமீட்டருக்குச் சற்று மேல் காற்று வேண்டும். அது ஏறக்குறைய ஆறு கிலோ. அவ்வளவையும் ஒரு டிகிரி சூடாக்க 6 கிலோவாட் ஆகும். வெளியே உறைநிலையில் இருக்கும் ஜெர்மானியப் பட்டறை அதை இருபது டிகிரிக்கு ஏற்ற 120 கிலோவாட் எரிக்க வேண்டும். அங்கே சூடாக்கிய காற்றை வெளியே விடுவது பணத்தைப் புகைபோக்கியில் போடுவதற்குச் சமம். சென்னையிலோ கோவையிலோ வெளிக்காற்று ஆண்டின் பெரும்பகுதி தானாகவே முப்பது டிகிரியை ஒட்டி நிற்கிறது. நமக்கு இல்லாத நோய்க்கு எழுதிய மருந்து இந்தச் சுழற்சி. பக்கவிளைவு மட்டும் நமக்கும் உண்டு: துணி வடிகட்டி தூசியைப் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரித்துகள் அடுக்கு வைக்கிறார்கள். அது நிரம்பிவிட்டால் சத்தமும் போடாது, நிறமும் மாறாது. தமிழ்நாட்டில் ஸ்டேஷன் வாங்குபவர் முழுக் காற்றையும் கூரைக்கு மேல் வெளியேற்றும் அமைப்பைக் கேட்பதே சரி. வெளியேறும் வழியிலும் வடிகட்டி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயும். சூடேற்றி நமக்கு வேண்டியிருப்பது மழைக்காலத்தில்தான், குளிருக்காக அன்று, ஈரத்துக்காக. 28 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள ஐப்பசிக் காற்றை ஐந்து டிகிரி மட்டும் ஏற்றினால் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். 30 கிலோவாட் போதும். பெரிய பர்னரைத் தலையில் கட்ட வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தானாகவே கீழே போய்விடும், இதற்கு எதற்கு விசிறி என்ற வாதம் பட்டறைகளில் உலவுகிறது. பாதிதான் உண்மை. தின்னரில் கலக்கும் டொலுவீனின் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனம். திறந்த டப்பாவுக்குப் பக்கத்தில் அது வழிந்து தரையோடு ஓடவும் செய்யும், அதனால்தான் தரைமட்டத்தில் தீப்பொறி ஆபத்து. ஆனால் தெளித்த பெயிண்டிலிருந்து கிளம்பி, பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்காகக் கலந்துவிட்ட ஆவியால் அந்தக் கலவையின் கனம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. அது மூக்கு மட்டத்தில்தான் நிற்கும், தள்ளினால்தான் நகரும். டொலுவீனுக்காவது வாசனை உண்டு. கிளியர் கோட்டோடும் இப்போதைய பிரைமரோடும் கலக்கும் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். போபாலில் 1984இல் உயிர்களைக் குடித்தது இதே குடும்பத்தின் வேறொரு சேர்மம். ஹார்டனரில் உள்ளது அந்த நச்சு வாயு இல்லை, அந்த அளவுக்கு ஆவியாவதும் இல்லை. ஆனால் தெளிக்கும்போது மூடுபனியாகி மூச்சில் ஏறி, சிலருக்குத் தீராத ஆஸ்துமாவைத் தந்துவிடும். வாசனை தெரியும் முன்பே பாதுகாப்பான அளவு தாண்டியிருக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு மிகச் சிறிய அளவே போதும். முழுதாக இறுகாத பூச்சைத் தேய்த்தால் அந்தத் தூசியிலும் அது இருக்கக்கூடும். பெயிண்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிரைமர் அடிப்பதைத் திறமை என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எதிர்த்தரப்பு பேசாமல் இராது. வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, விடிகாலையில் காற்றடங்கிய நேரம் பார்த்துப் பெயிண்ட் அடித்த கைகள் நம்மிடம் நிறைய உண்டு. அந்த வேலைகளில் பல இன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசியே பறக்காதே, பிறகு எதற்கு இத்தனை ஆடம்பரம் என்பது அவர்கள் கேள்வி, நியாயமானது. விடை பட்டிக்குள் இருக்கிறது. இன்றைய பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் போன்ற கனிமப் பொடியைக் குழைத்தது. தேய்த்துத் திறந்த அதன் முகம் தண்ணீரைக் குடிக்கும். குடித்த நீர் முழுதாக வெளியேறும் முன் மேலே பூச்சு ஏறிவிட்டால், சில மாதம் கழித்து வெயிலில் கொப்புளமாக எழும்பும். அடியில் தகடு துருப்பிடிக்கும். பழைய பூச்சுகள் மெதுவாகக் காய்ந்தன, காரும் பத்து நாள் பட்டறையில் கிடந்தது, நீர் வெளியேற நேரம் இருந்தது. இன்று இன்சூரன்ஸ் சர்வேயரும் வாடிக்கையாளரும் நாள் குறித்துக் கேட்கிறார்கள். உலர்தேய்ப்புக்கு மாறுவதே வழி. மாறினால் தூசிக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு தரப்பு, இருக்கிற பணத்தில் இரண்டாவது பெயிண்ட் பூத் வாங்கலாமே என்கிறது. பெரும்பாலான பட்டறைகளில் அது தவறான செலவு. ஒரு கார் பூத்துக்குள் இருக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால், தெளிக்கும் நேரமும் 60 டிகிரியில் அரைமணி வேகவைக்கும் நேரமும் போக மீதி கணிசமாக மிஞ்சும். அதில் மாஸ்கிங் ஒட்டுகிறார்கள், விட்டுப்போன இடத்தைத் தேய்க்கிறார்கள், துடைக்கிறார்கள், குருணையைத் தட்டிச் சரிசெய்கிறார்கள். கல்யாண மண்டபத்தின் மணமேடையில் காய்கறி நறுக்குவதற்கு ஒப்பானது இது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வரிசை விதியின்படி, உள்ளே நிற்கும் வண்டிகளின் சராசரி எண்ணிக்கை என்பது, அவை வந்துசேரும் வீதத்தை ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. பூத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு கார்தான். ஆகவே தங்கும் நேரம் பாதியானால் அதே பூத் இருமடங்கு கார் பார்க்கும். ஆயத்த வேலை முழுவதையும் பிரெப் ஸ்டேஷனுக்கு மாற்றுவதன் பொருளாதாரம் இதில் அடங்கியிருக்கிறது. மின்கட்டணத்தையும் பார்த்துவிடுவோம்: மேற்சொன்ன காற்றை வடிகட்டிகளின் எதிர்ப்பைத் தாண்டித் தள்ள ஒவ்வொரு விசிறிக்கும் 4 கிலோவாட் அளவில் ஆகலாம், இரண்டும் ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் நாளைக்கு 48 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் ஐந்நூறு ரூபாய்க்குள். குருணை விழுந்த ஒரு கதவை மறுபடி தேய்த்து அடிக்க ஆகும் கிளியர் கோட்டும் அரைநாள் கூலியும் அதைவிட அதிகம்.

கடைசி மறுப்புதான் வலுவானது: உறிஞ்சுகுழாய் பொருத்திய சாண்டர் என்ற தேய்ப்புக் கருவி இருக்கும்போது பிரெப் ஸ்டேஷன் மேடை எதற்கு? தேய்க்கும் தட்டிலேயே துளைகள், துளைக்குப் பின்னால் வேக்குவம். தூசி பிறந்த இடத்திலேயே பிடிபடுகிறது. மெழுகுவர்த்தி சொன்ன பாடமும் இதைத்தான் ஆதரிக்கிறது, உறிஞ்சுவது பக்கத்தில் இருந்தால்தான் பலன். உண்மையாகவே, கையில் சிறு தொகைதான் இருக்கிறது என்றால் முதலில் அந்தச் சாண்டரை வாங்குங்கள். கூலியும் மிச்சம், மார்புச்சளியும் வராது. ஆனால் கதவு விளிம்பிலும் பம்பரின் வளைவிலும் விரலால்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது. பிரைமர் தெளிப்பின் மூடுபனியைச் சாண்டர் தொடாது. சாண்டர் பெரும்பங்கைப் பிடிக்கும், மேடை மிச்சத்தை வாரும். சாண்டர் இல்லாமல் மேடை மட்டும் வாங்கியவர்தான் மாதத்துக்கு ஒருமுறை தரை வடிகட்டிக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

அந்த மேடையிலேயே முழுக் காரையும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சற்று நிதானிக்க வேண்டும். இதில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் கொண்டுவந்த விதி தெளிவான கோடு போட்டது: முழு வாகனத்துக்குத் தெளிப்பதானால் கூரையும் நான்கு பக்கச் சுவரோ முழுத் திரையோ வேண்டும், கழற்றிய பாகங்களுக்கு மட்டும் என்றால் கூரையும் மூன்று பக்கமும் போதும், தெளிப்புத் துளிகளில் 98 சதவீதத்தை வடிகட்டி பிடிக்க வேண்டும். நம் ஊரில் அந்த விதி செல்லாது. ஆனாலும் திரையை வாங்கும்போது அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பாதி உயரத்தில் தொங்கும் திரை அழகுக்குத்தான்.

தரை விஷயத்தில் ஊரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். குழி தோண்டிக் கம்பித் தட்டு போட்டால் கார் சமதளமாக ஏறும், காற்றும் தாராளமாகப் போகும். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த சென்னையில் தாழ்வான இடத்தில் குழி தோண்டுவது கிணறு வெட்டுவதுதான். மோட்டார் அதற்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம். சாய்தளம் வைத்து உயர்த்திய மேடையும், தரைக்கு மேலே பக்கவாட்டில் நிற்கும் விசிறியும் இங்கே புத்திசாலித்தனம். விளக்கைப் பற்றி ஒன்றுதான்: எத்தனை வாட் என்று கேட்காமல், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற குறியெண் 90க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவு விளக்கில் ஒத்துப்போன வெள்ளி நிறம் தெருவுக்கு வந்ததும் இரண்டு வெள்ளியாகப் பிரிந்து நிற்கும்.

விலை பேசப் போகும்போது ஓர் ஊதுபத்திக் கட்டை எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் ஏற்கெனவே எங்காவது நிறுவியிருக்கும் ஸ்டேஷனைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கார் நிற்க வேண்டும், தின்னர் டப்பாவும் ஈரப் பெயிண்டும் பக்கத்தில் இருக்கவே கூடாது. விசிறியை ஓட்டச் சொல்லி, ஊதுபத்தியைக் கொளுத்திப் பானெட்டுக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். பிறகு கார் கூரைமேல், கதவின் இடுப்புயரத்தில், நான்கு மூலைகளில். புகை வளைந்து காரைத் தழுவிக்கொண்டு தரைத்தட்டுக்குள் இறங்கினால் மேற்கொண்டு பேசலாம். சுழன்றாலோ, மேலே ஏறினாலோ, திரையின் இடுக்கை நோக்கி ஓடினாலோ, விலையில் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.